ஏடும் இசையும்: சாம்பவர் வடகரை தந்த ஆபிரகாம் பண்டிதர்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயைக் கடந்து தென்காசிச் சீமைக்குள் நுழையும்போது, குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. பேரருவியின் முன் நின்று கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் அதன் ஓசையைச் செவிமடுத்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அருவி ஒன்றே, ஆயினும் அதன் ஓசை ஒரு கணத்தில் இருந்ததுபோல் மறுகணத்தில் இருப்பதில்லை. பாறை மாறவில்லை, பாதை மாறவில்லை. எனினும் நீர் ஒவ்வொரு கணமும் புதிதாய் விழுகிறது.

நம் தமிழிசையின் இயல்பும் இதுவே. இராகம் என்னும் பாறையும் பாதையும் முன்னோர் வகுத்துத் தந்தவை. அதன்மேல் பாடுவோரின் கற்பனை அந்தந்த வேளையில் புதிதாய்ப் பாய்கிறது. பண்டைத் தமிழர் இதனை ஆளத்தி என்றனர்; பிற்காலத்தார் ஆலாபனை என்றனர். ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவை அனைத்தையும் இன்று மனோதர்ம இசை என்னும் பொதுப் பெயரால் வழங்குகிறோம். எழுதிவைத்ததைப் படிப்பதன்று அது. உள்ளத்தில் ஊறுவதை அவ்வப்போது வெளியிடுவது.

இவ்வாறு கணந்தோறும் பிறந்து கணந்தோறும் மறையும் ஒரு கலையை ஆராய்ச்சியால் அளக்க இயலுமா? அளந்து எழுதிய பின் அது உயிரோடு இருக்குமா? ஏட்டுக்கும் நாவுக்கும் இடையே உள்ள இந்தப் பழைய வழக்கைத் தம் வாழ்நாள் முழுவதும் தாங்கி நின்றவர் தென்காசி மண்ணில் பிறந்த ஒரு கிறிஸ்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெரிய வெள்ளியன்று கேட்டது

இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணமாக இருந்த நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஆலயத்தில் பெரிய வெள்ளி வழிபாட்டில் கலந்துகொண்டோம். திருச்சிலுவை ஆராதனையின்போது, முதுமையால் தளர்ந்த உபதேசியார் ஒருவர் எழுந்து அன்னையின் புலம்பலைப் பாடத் தொடங்கினார். கையில் ஏடு இல்லை. சொற்கள் மனப்பாடமாய் இருந்தன. இசையோ அவ்வேளையில் அவருக்குள் எழுந்ததாய் இருந்தது. ஒரே அடியை மும்முறை பாடினார். மும்முறையும் மூன்று விதமாய்ப் பாடினார். ஆலயத்தில் பெண்கள் விம்மினர்.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் அவரைத் தொடர்ந்து வாசிக்க முயன்றார். திறமையுள்ள பிள்ளைதான். ஆனால் முதியவரின் குரல் நின்ற இடம் அவருடைய கருவியில் இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் தாழ்ந்தது. அடுத்த கட்டையை அழுத்தினால் உயர்ந்தது. இரண்டு கட்டைகளுக்கும் நடுவே இருந்த ஏதோ ஓர் இடத்தில் அந்தக் குரல் அசைந்து அசைந்து அழுதுகொண்டிருந்தது. இளைஞர் கையை எடுத்துவிட்டார். வழிபாடு முடிந்ததும், "ஐயா, நீங்க பாடினது எந்தச் சுரம்?" என்று பணிவோடு கேட்டார். பெரியவர் சிரித்தபடி, "அது எனக்கு என்ன தெரியும் தம்பி? எங்க அப்பா இப்படித்தான் பாடுவாக" என்றார்.

அடுத்த தவக்காலத்திற்கு முன்பே அந்த உபதேசியார் இறைவனடி சேர்ந்தார். அவர் குரலை எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. எழுதி வைக்கவும் இல்லை. அங்கிருந்த நாமும் செய்யவில்லை. பாடத் தெரிந்தவருக்கு அதன் இலக்கணம் தெரியவில்லை. இலக்கணம் கேட்டவருக்குப் பாட இயலவில்லை. கேட்டிருந்த நமக்கோ இரண்டின் மீதும் அக்கறையில்லை. ஒரு செல்வம் நம் கண்முன்னேயே மண்ணோடு போயிற்று.

ஆசிரியர், மருத்துவர், இசையறிஞர்

தென்காசிக்கும் சுரண்டைக்கும் இடைப்பட்ட சாம்பவர் வடகரை என்னும் ஊரில், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தவர் ஆபிரகாம். இவ்வூர் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனைச் சார்ந்தது. ஆபிரகாம் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர். எனினும் அவர் விட்டுச்சென்ற செல்வம் தமிழ்க் கிறிஸ்தவர் அனைவருக்கும், ஏன், தமிழர் அனைவருக்குமே உரியது.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர் அங்கேயே இசையும் பயின்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் முனிவரை அடுத்து மூலிகை மருத்துவம் கற்றார். அந்த ஆசானின் பெயரில் உள்ள 'கருணை' என்னும் சொல் பின்னாளில் அவருடைய நூற்பெயரிலும் நிலைத்தது. ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் ஆசிரியையை மணந்து, தஞ்சையில் இருவரும் ஆசிரியப் பணி செய்தனர். பின்னர் அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். அவர் ஆக்கிய மருந்துகள் தமிழகத்திற்கு வெளியேயும் விற்பனையாயின. தஞ்சைக்கு அருகே பெருந்தோட்டம் ஒன்றை அமைத்து மூலிகைகளையும் பயிர்களையும் வளர்த்தார். 1909-இல் ஆங்கில அரசு அவருக்கு 'ராவ் சாகிப்' பட்டம் வழங்கியது.

இத்தகைய செல்வரும் சிறப்புடையவரும் ஆனவர் எஞ்சிய வாழ்நாளை ஓய்வாகக் கழித்திருக்கலாம். அவரோ மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசையில் செலவிட்டார். 1907-இல் தமிழ்ப் பாடல்களைக் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்னும் பெயரில் நூலாக்கினார். இசை பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் பொருள் விளங்காத பிறமொழிப் பாடல்களையே மனப்பாடம் செய்துவந்த காலம் அது.

1912-இல் தஞ்சையில் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' என்னும் அமைப்பை நிறுவினார். அதன் சார்பில், தம் சொந்தச் செலவில், அடுத்தடுத்துப் பல மாநாடுகளைக் கூட்டினார். பாடகர், வீணை வல்லுநர், வடமொழிப் புலவர், தமிழ்ப் புலவர் எனப் பலதிறத்தாரும் ஓரிடத்தில் அமர்ந்தனர். கச்சேரி ஒருபுறம், கட்டுரை ஒருபுறம் என்று பிரித்து வைக்காமல், சொன்னதைப் பாடிக் காட்டவும், பாடியதை விளக்கிச் சொல்லவும் அங்கே வாய்ப்பளித்தார். சென்னை சங்கீத வித்வத் சபை 1928-இல் நிறுவப்படுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வழக்கு யாது?

அக்காலத்து இசையறிஞர் பலரை அலைக்கழித்த வினா ஒன்று உண்டு. ச-வில் தொடங்கி மேல் ச-வில் முடியும் ஒரு ஸ்தாயியில் நுண்ணிய சுருதிகள் எத்தனை? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' 22 என்கிறது. சிலப்பதிகார உரை மரபிலும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்பட்டுள்ளன. கூட்டினால் 22 வருகிறது. 1910-இல் தேவல் என்பாரும் 1913-இல் கிளமென்ட்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியும் இந்த 22-ஐ நிலைநாட்ட நூல் எழுதினர்; அதற்கேற்ற ஆர்மோனியமும் செய்யப்பட்டது.

பண்டிதர் இதை ஏற்கவில்லை. அவருடைய எதிர்வாதத்தை எளிய முறையில் சொல்ல முயல்வோம். ச-வோடு மிக இனிமையாய்ப் பொருந்துவது ப. அந்தப் ப-வையே ச-வாகக் கொண்டு அதற்குரிய ப-வைக் காண வேண்டும். பிறகு அதற்குரிய ப. இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் பன்னிரண்டு சுரங்களும் கிடைத்து, தொடங்கிய ச-வுக்கே திரும்பி வரவேண்டும். இராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு வீடுகளைப்போல் இசையும் ஒரு வட்டம் என்பதே பழந்தமிழரின் வட்டப்பாலை தரும் கருத்து. ஆனால் ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவை 2-க்கு 3 என்னும் கணக்கில் வைத்துப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வட்டம் மூடுவதில்லை. அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிஞ்சி நிற்கிறது. கிரேக்க நாட்டுப் பித்தகோரஸின் பெயரால் மேலைநாட்டார் குறிப்பிடும் அதே மிச்சம்தான் இது.

மூடாத வட்டம் வட்டமாகாது என்றார் பண்டிதர். ஸ்தாயியைச் சமமான 24 அலகுகளாகப் பகுத்தால், ச-விலிருந்து ப 14 அலகு. பதினான்கைப் பன்னிரண்டு முறை கூட்டினால் 168. அது 24-இன் ஏழு மடங்கு. வட்டம் சரியாக மூடுகிறது. அப்படியாயின் பழைய நூல்கள் 22 என்பது ஏன்? கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகைக் குறைத்துப் பாடும் ஒரு முறையைத்தான் அந்த எண் காட்டுகிறது. அடிப்படை எண் 24 தான் என்பது அவர் விடை. ஆயப்பாலை 12, வட்டப்பாலை 24, திரிகோணப்பாலை 48, சதுரப்பாலை 96 எனப் பழந்தமிழர் இசையை நான்கு நிலைகளில் மேன்மேலும் நுணுகிப் பகுத்தனர் என்றும் அவர் விளக்கினார்.

பரோடா மண்டபத்தில்

1916 மார்ச்சு 20 முதல் 24 வரை, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில், அனைத்திந்திய இசை மாநாடு முதன்முறையாகக் கூடியது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் பாத்கண்டே. வடநாட்டின் பெரும் உஸ்தாதுகளும் பண்டிதர்களும் அங்கு வந்திருந்தனர். தஞ்சையிலிருந்து ஆபிரகாம் பண்டிதரும் சென்றார். தனியே செல்லவில்லை, மகள் மரகதவல்லி அம்மையாரையும் உடன் அழைத்துச் சென்றார். பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைக்க, அவர்தம் குடும்பத்துப் பெண்மக்கள் அதை இசையாகவே அவையினர்முன் எடுத்துக்காட்டினர்.

இச்செய்தியின் முழுப் பொருளை உணர வேண்டுமானால் அக்காலத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பண்டிதர் பிறந்த நாடார் சமூகத்தார்க்குத் தென்மாவட்டக் கோயில்கள் பலவற்றின் வாயில்கள் அடைபட்டிருந்தன. இவ்வழக்கை ஒட்டி 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரமே மூண்டது. கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து வளர்ந்த ஓர் உயர்கலையின் இலக்கணத்தைப் பற்றிப் பேச, அந்தக் கோயிலுக்குள் நுழைய இயலாத சமூகத்தில் பிறந்த ஒருவர் எழுந்து நின்றார். பெண்கள் பொதுமேடையில் பாடுவதைக் குடும்பங்கள் இழிவெனக் கருதிய காலத்தில், தம் மகளை அறிஞர் அவையில் அமர்த்தினார். "உமக்கு இதைச் சொல்ல என்ன உரிமை?" என்னும் கேள்வி வாயால் கேட்கப்படாவிடினும் பல கண்களில் இருந்திருக்கும். அதற்கு அவர் தந்த விடை வாதமன்று, பாட்டு.

ஆய்வும் அரங்கும் இணைவது என்பது இதுதான். தாளில் எழுதிய கணக்கைத் தாளோடு நிறுத்தாமல், உயிருள்ள குரலிடம் ஒப்படைத்து, "இதோ கேளுங்கள், உங்கள் செவிகளே நடுவராகட்டும்" என்று கூறும் துணிவு அது. தோற்கவும் ஆயத்தமாய் இருப்பவனுக்கே அத்துணிவு வரும்.

மறு ஆண்டு, 1917-இல், 'கருணாமிர்த சாகரம்' முதற்புத்தகம் வெளிவந்தது. 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். 1919 ஆகஸ்டு 31-இல் பண்டிதர் மறைந்தார். இராகங்களின் அமைப்பை ஆராயும் இரண்டாம் புத்தகம் அச்சேறாமல் நின்றுபோயிற்று. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1946-இல், அதை வெளிக்கொணர்ந்தவர் வேறு எவருமல்லர். பரோடாவுக்குத் தந்தையோடு சென்ற அதே மரகதவல்லி அம்மையார்தாம். ஓர் இராகத்தில் எந்தச் சுரத்தோடு எந்தச் சுரம் உறவாடும் என்பதை இணை, கிளை, நட்பு, பகை என்னும் பழந்தமிழ் மரபால் விளக்கி, கற்பனையாய்ப் பாடுவதற்கும் ஒரு நெறி உண்டெனக் காட்ட முயன்றவர் பண்டிதர். தந்தையின் ஆய்வை முதலில் நாவால் காத்த மகளே பின்னர் ஏட்டாலும் காத்தார்.

பண்டிதர் சொன்னதெல்லாம் சரியா?

பெரியவர்களைப் போற்றுவதென்றால் அவர்கள் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்பது என்று பொருளன்று. கடல்கொண்ட குமரிக்கண்டம் பற்றிப் பண்டிதர் நம்பி எழுதியவற்றை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. சமமான 24 அலகு என்னும் அவர் கொள்கையும் இசையறிஞரிடையே பொது ஒப்புதல் பெறவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. சமமாகப் பகுத்தால் ப என்னும் சுரம் அதன் இயல்பான இடத்திலிருந்து விலகும் அளவு செவிக்கே எட்டாத அளவு சிறியது. ஆனால் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தைவிட அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது. தம்பூராவில் பழகிய செவி இதை உணரும். வட்டம் மூட வேண்டுமானால் சுரம் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். சுரம் விட்டுக்கொடுக்காவிடில் வட்டம் மூடாது. உலகெங்கும் இசைக்கணக்கர்கள் இந்த முடிச்சோடு போராடியிருக்கிறார்கள்.

அவ்வாறாயின் 22 என்றவர்கள் வென்றார்களா? அதுவும் இல்லை. 1963-இல் ஜைராஸ்பாய், ஸ்டோன் என்னும் இருவர் வடநாட்டுக் கலைஞர்களின் இசையைக் கருவிகொண்டு அளந்தபோது, சுரங்களின் இடம் கலைஞருக்குக் கலைஞர் மாறுபடுவதைக் கண்டனர். நம் தென்னிசையிலோ கமகம் மிகுதி. தோடி இராகத்தின் காந்தாரத்தை எவராவது ஓரிடத்தில் நிறுத்திக் காட்ட இயலுமா? அங்கே சுரம் என்பது ஒரு புள்ளியன்று, ஓர் அசைவு. பெரிய வெள்ளியன்று அந்த உபதேசியாரின் குரல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்று அசைந்ததன் பொருள் இதுவே. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றும் இந்த அசைவை அது தராது என்பதேயாகும்.

ஆகவே, எண்ணில் பண்டிதர் முடிவான வெற்றி பெற்றார் என்று சொல்ல இயலாது. ஆனால் வழியில் அவர் வென்றார். இசையைப் பற்றிய உண்மையை இசையின் முன்னிலையிலேயே தேடவேண்டும் என்பதே அவ்வழி. பழந்தமிழ் இலக்கியத்தையே இசைக்குச் சான்றாக அழைத்ததும், சிலப்பதிகாரத்தை இசைநூலாகப் படிக்க வேண்டுமென்ற விழிப்பை ஊட்டியதும் அவர் செய்த பெரும்பணி. மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடும் இளங்கோவடிகள், இசையாசிரியன், யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் ஆகியோரின் இலக்கணங்களை வரிசையாய்ச் சொல்கிறார். அவர்கள் அனைவரும் நூலறிவும் கைத்திறனும் ஒருங்கே பெற்றவர்கள். நம் மரபில் இவை இரண்டும் பிரிந்திருக்கவில்லை. பிற்காலத்தில் நாம்தாம் பிரித்துவிட்டோம்.

அவ்வழியில் நடந்தோர்

இவ்வழியில் பின்னர்ப் பலர் நடந்தனர். நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூரில் பிறந்த முத்தையா பாகவதர் (1877–1945) பெரும் பாடகராகவும் இசைப்புலவராகவும் விளங்கினார். 'சங்கீத கல்பத்ருமம்' என்னும் ஆய்வுக்காக 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். ஈழத்தில் காரைதீவில் தோன்றி, மட்டக்களப்பில் நம் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்ற விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழ்களை மீட்டெடுக்கும் 'யாழ் நூலை' 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே இவ்வுலக வாழ்வை நீத்தார். 1943-இல் தோன்றிய சென்னைத் தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் வித்துவான்களையும் புலவர்களையும் ஒன்றாய் அமர்த்திப் பாடச் செய்து முடிவு காண முயன்றது.

கடல் கடந்தும் இப்பணி சென்றது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், பாடகர் எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்தும், புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் இராக ஆலாபனையையே ஆராய்ந்தும் 1970-களில் முனைவர் பட்டங்கள் பெற்றனர். இருவரும் பட்டம் பெற்றபின் மேடையை விடவில்லை. மேடையேறியதால் ஆய்வையும் விடவில்லை. மனத்தில் ஊறும் கற்பனையை எழுத்தில் ஆராய்ந்தால் அது வற்றிவிடும் என்னும் அச்சத்திற்கு இவர்கள் வாழ்வே விடை.

மறுபுறம், ஏட்டில் ஒன்றும் எழுதாமலே இசையாய் வாழ்ந்து மறைந்தோரும் நம் பகுதியில் உண்டு. நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்த ஆலாபனைகளில் ஒரு சிலவே இசைத்தட்டாலும் ஒலிப்பதிவாலும் நமக்குக் கிட்டியுள்ளன. இராக ஆலாபனைக்கே தம்மை ஒப்புக்கொடுத்திருந்த விளாத்திகுளம் சுவாமிகள் (1889–1965) பாடியவற்றுள் நமக்கு எஞ்சியவை மிகச் சொற்பம். பதிந்தவை பிழைத்தன, பதியாதவை காற்றோடு போயின.

நமக்கு இதனால் என்ன?

குற்றாலத்திற்கும் கிறிஸ்தவத் தமிழுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி நாடெங்கும் ஆடிப் பாடப்பட்டது. நெல்லையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அதே குறவஞ்சி வடிவத்தை எடுத்துக்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். நம் கத்தோலிக்கப் பெருமகனார் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். ஊரில் விளைந்ததை உண்டு வளர்ந்த விசுவாசம் அவர்களுடையது.

1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் தக்க இடமும் தரப்பட வேண்டுமென வழிகாட்டியது. 1977-இல் திருச்சியில் தொடங்கப்பெற்ற கலைக்காவிரி போன்ற நிறுவனங்கள் இத்துறையில் உழைத்து வந்திருக்கின்றன. ஆயினும் நம் பங்குகளின் நிலை என்ன? ஒலிநாடாவில் கேட்ட பாடலை, அன்று அதைப் பாடியவரின் மூச்சு உட்பட, அப்படியே திரும்பப் பாடுவதே திறமை என நம் இளைஞர் கருதுகின்றனர். கீபோர்டின் மீது நமக்கு வெறுப்பில்லை. பல சிற்றூர் ஆலயங்களில் வழிபாட்டைத் தாங்கி நிற்பது அதுவே. ஆனால் கருவியில் இல்லாத சுரம் நம் குரலிலும் இல்லாமல் போய்விடுமானால், இழப்பு கருவிக்கன்று; நமக்கு.

எல்லாரும் ஆபிரகாம் பண்டிதர் ஆக இயலாது. ஆனால் ஒவ்வொரு பங்கிலும் செய்யக்கூடிய சிறு பணிகள் உண்டு. தவக்காலப் புலம்பலையும் பாஸ்கா நாடகப் பாடல்களையும் அம்மானையையும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் உள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. ஒரு ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பாடக் கேட்டு, பதிந்து, சொற்களை எழுதி, யாரிடம் கற்றார்கள் என்பதையும் குறித்து வைப்பது பெரிய காரியமன்று. ஆனால் அத்துடன் நின்றுவிடக்கூடாது. பதிந்ததைப் பெட்டியில் பூட்டினால் அது தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் செயலாகும். அதை நாமும் கற்றுப் பாட வேண்டும். பாடும்போது தவறினால் மீண்டும் அவர்களிடமே சென்று திருத்திக்கொள்ள வேண்டும். பண்டிதர் மகளை அழைத்துச் சென்றதுபோல், நம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

அன்று அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு அந்தப் பெரியவரால் விடை சொல்ல இயலவில்லை. ஆனால் அவர் இன்னொரு முறை பாடிக் காட்டியிருப்பார்; நாம் கேட்டிருந்தால். குற்றாலத்துச் சாரல் அடுத்த ஆண்டும் வரும். முதியோரின் குரல் அவ்வாறு ஆண்டுதோறும் திரும்பி வருவதில்லை.